காற்று தரும் மோட்டாருக்கும் காற்று வேண்டும்

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே சுழலும் பொருள்களைப் பற்றியவை. பண்பொழி ஃபேனில் தொடங்கி டொரான்டோ ஃபர்னஸ் வரை போய்வருகிறோம்.

கேள்வி: செங்கோட்டைக் கணவாய்க் காற்று சும்மாவே வீசுகிற பண்பொழியில் ஃபேன் மோட்டாரைப் பற்றி யாருக்கு என்ன கவலை?
– கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போன நேரமாகப் பார்த்துப் பண்பொழிக்கு வாருங்கள். திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணவாய்க் காற்று வைகாசிக் கடைசியில் எழுந்து புரட்டாசி வாக்கில் ஓய்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்குக் கூரையில் தொங்கும் மோட்டார்தான் கதி.

கேள்வி: ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் உறுமுகிறது, சுற்றவில்லை. குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடுகிறது. குச்சியை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். தப்பா?
– இல்லத்தரசி, வடகரை

பதில்: தப்புதான். அந்தக் குச்சி செய்வது கண்டன்சரின் வேலை.

வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் கரண்ட். அது ஒரு காயிலில் மட்டும் பாய்ந்தால் காந்தப் புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, சுழலாது. அதனால் ஃபேனுக்குள் இரண்டு காயில்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது காயிலில் பாயும் கரண்டைக் கண்டன்சர் சற்றே முந்த வைக்கிறது. அந்த முந்தலில்தான் எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டாருக்குத் தெரிகிறது. கண்டன்சர் போய்விட்டால் வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் ஓடும், இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் ஓடும். கோளாறு கண்டன்சரில்தான் என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

தள்ள மறந்த ராத்திரிதான் ஆபத்து. சுற்றாமல் நின்றபடியே கரண்டை இழுக்கும் காயில் சூடேறிக்கொண்டே போகும். சுற்றினால் கிடைக்கிற காற்றும் அதற்குக் கிடைக்காது. கடைசியில் கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகும். சின்னச் செலவில் முடிகிற கண்டன்சரை விட்டுவிட்டு முழுக் காயிலையும் கட்ட வேண்டிவரும்.

மாற்றும்போது மெயினை அணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைத்தால் மட்டும் போதாது. பழைய கண்டன்சரில் 2.5 மைக்ரோஃபாரட் என்று இருந்தால் 2.5 தான் போட வேண்டும். ‘அண்ணாச்சி, 4 போட்டா ஃபேன் பறக்கும்’ என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். இரண்டாவது காயிலில் அளவுக்கு மேல் கரண்ட் ஓடி, அடுத்த கோடைக்குள் அது கருகும்.

கேள்வி: உறுமல் இல்லை, தள்ளவும் வேண்டாம். ஆனால் ஐந்தில் வைத்தாலும் மூன்றில் ஓடுவது போலத்தான் ஓடுகிறது.
– ஓய்வுபெற்ற தபால்காரர், இலஞ்சி

பதில்: உங்கள் கண்டன்சர் முழுதாகப் போகவில்லை, பாதி போயிருக்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய படலம் சிறு ஓட்டை விழும்போதெல்லாம் தானே அந்த இடத்தை எரித்து மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு குறையும், கொள்ளளவும் இறங்கும். மீட்டரில் அளந்தால் 2.5 இருக்க வேண்டிய இடத்தில் 1.5 காட்டலாம். அளவு சரியாக இருந்தால் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பேரிங். மெயினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிவிடுங்கள். மெல்ல மெல்ல ஓய்ந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று சத்தத்தோடு சட்டென நின்றால் மாற்றுங்கள்.

கேள்வி: பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? எங்கள் தாத்தா விடுவார்.
– பள்ளி ஆசிரியை, அச்சன்புதூர்

பதில்: வேண்டாம். 24, 25 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். சாரல் ராத்திரிகளில் நம் பக்கம் அந்த அளவுக்கு இறங்குவது சாதாரணம். உறையாத நாளிலும் நாள்பட நாள்படப் பிசினாகித் தூசியைப் பிடித்துவைக்கும். இன்றைய சீலிங் ஃபேனில் இருப்பது இரண்டு பக்கமும் மூடிய பேரிங். கிரீஸ் உள்ளேயே அடைத்து வரும், எண்ணெய் கேட்காது. புஷ் வைத்த பழைய டேபிள் ஃபேனுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். அதைத் தண்டில் விடுங்கள், காயிலில் படக்கூடாது.

கேள்வி: ஊரில் பிறந்தவன், இப்போது டொரான்டோவில் இருக்கிறேன். பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ். பர்னர் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறது, மறுபடி எரிகிறது. மாடி அறைகளுக்குச் சூடு வந்து சேரவில்லை. ப்ளோயர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடவா?
– பண்பொழிக்காரர், டொரான்டோ

பதில்: ஃபர்னஸை அணைத்துவிட்டு முதலில் ஃபில்டரை உருவி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மோட்டாரைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

ஃபர்னஸைப் பார்த்திராத உள்ளூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்நாட்டு வீடுகளில் எரிவாயு ஒரு உலோகக் கூட்டுக்குள் எரியும். அந்தப் புகை குழாய் வழியே வெளியே போய்விடும். வீட்டுக் காற்றைக் கூட்டின் வெளிப்புறமாகத் தள்ளிச் சூடேற்றி, தகரக் குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்புகிற உருளை விசிறிதான் ப்ளோயர். பனிக்காலத்தில் அது நாளெல்லாம் ஓட வேண்டியிருக்கும்.

ப்ளோயர் போதுமான காற்றைத் தள்ளாவிட்டால் கூடு அளவுக்கு மேல் சூடாகும். ‘லிமிட் ஸ்விட்ச்’ என்று ஒரு காவலாளி உள்ளே இருக்கிறது. அது பர்னரை அணைத்துவிடும். ஆறியதும் மறுபடி அனுமதிக்கும். நீங்கள் சொல்கிற அணைவதும் எரிவதும் பெரும்பாலும் இதுதான். காற்று ஏன் போதவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

உங்கள் ஃபர்னஸ் பழையது என்றால், அதில் இருப்பது உங்கள் அம்மா வீட்டுக் கூடத்தில் தொங்குகிற ஃபேனின் அண்ணன். அதே இன்டக்‌ஷன் மோட்டார், அதே இரண்டு காயில், அதே கண்டன்சர். சீலிங் ஃபேன் 75 வாட் இழுத்தால் இது 400, 500 வாட் இழுக்கும். கண்டன்சரும் 5, 7.5, 10 மைக்ரோஃபாரட் என்று பெரிதாக இருக்கும். ஆக, வடகரை அம்மாவுக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் கண்டன்சரை அளக்கச் சொல்லுங்கள்.

இந்த வகை மோட்டாரில் ஒரு விசித்திரம் உண்டு. ஃபில்டர் அடைத்தால் மோட்டார் திணறி அதிகக் கரண்ட் இழுக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. தள்ளுவதற்குக் காற்று குறைந்துவிட்டதால் உருளை விசிறியின் பாரமும் குறைகிறது, மீட்டரில் கரண்ட் இறங்கித்தான் காட்டும். மோட்டார் நிம்மதியாக ஓடுவதாகத் தோன்றும். அதே நேரம் அந்த மோட்டாரைக் குளிர்விக்கிற காற்றும் குறைந்துவிட்டது, கூடும் கொதிக்கிறது. கரண்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் இங்கேதான் தவறும்.

புது ஃபர்னஸ் என்றால் கதை வேறு. அமெரிக்காவில் 2019 ஜூலை 3 முதல் நடைமுறைக்கு வந்த மின்சிக்கன விதி, ஃபர்னஸ் விசிறிகளைப் பெரும்பாலும் நிலைக்காந்தமும் மின்னணுப் பலகையும் வைத்த மோட்டாருக்குத் தள்ளிவிட்டது. அங்கே இசிஎம் என்கிறார்கள். நம் ஊரில் பிஎல்டிசி ஃபேன் என்று விற்பது இதன் தம்பி. பல இசிஎம் மோட்டார்கள் இவ்வளவு காற்றைத் தள்ளியே தீர வேண்டும் என்று கட்டளையிடப்பட்டவை. ஃபில்டர் அடைத்தால் விட்டுக்கொடுக்காமல் வேகத்தைக் கூட்டும், அதிக வாட் இழுக்கும், சத்தம் போடும், தன் பலகையையே சூடாக்கிக்கொள்ளும். அடைத்த ஃபில்டரோடு அதை ஓட்டுவது, மூக்கைப் பொத்திக்கொண்டு திருமலைக்கோயில் மலை ஏறச் சொல்வது போல. அந்தப் பலகை போனால் செலவு பெரிது.

ஃபில்டருக்கு அடுத்து விசிறி உருளையைப் பாருங்கள். வளைந்த சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். அந்த வளைவுகளில் தூசி படிந்து மேடானால் மோட்டார் முழு வேகத்தில் சுற்றியும் காற்று வராது. நான் என்றால் அந்த உருளையைச் சுத்தம் செய்து பார்க்கும் வரை மோட்டாரை மாற்ற ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: அவ்வளவையும் நானே செய்யலாமா?
– அதே டொரான்டோ வாசகர்

பதில்: ஃபில்டரை மாற்றலாம். சட்டத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது ப்ளோயரைப் பார்க்க வேண்டும். ஒரு அங்குல ஃபில்டர் என்றால் மாதம் ஒருமுறை பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபர்னஸ் ஸ்விட்ச், பிரேக்கர் இரண்டையும் அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே படிந்த தூசியை உறிஞ்சி எடுக்கலாம். கதவு திறந்தால் ஃபர்னஸை நிறுத்தும் சின்ன ஸ்விட்ச் ஒன்று அங்கே இருக்கும். அதை டேப் ஒட்டி ஏமாற்றாதீர்கள். கண்டன்சரில் கை வைக்காதீர்கள், மின்சாரத்தை அணைத்த பிறகும் அது அடித்துவிடும்.

பர்னர், எரிவாயுக் குழாய், புகைக்குழாய் பக்கம் போகவே போகாதீர்கள். ஒன்டாரியோவில் அதற்கு டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்றவர்தான் வர வேண்டும். கூட்டில் விரிசல் விழுந்தாலோ புகைக்குழாய் அடைத்தாலோ கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகும். நிறம் இல்லை, வாசனை இல்லை. 2008இல் வுட்ஸ்டாக் ஊரில் கணப்படுப்பின் புகைவழி அடைத்துக்கொண்டதால் தாய், தந்தை, இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்பமே போய்விட்டது. அவர்கள் பெயரால் 2013இல் ஹாக்கின்ஸ் கின்யாக் சட்டம் நிறைவேறி, அந்த மாகாண வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமானது. உங்கள் வீட்டு அலாரத்தின் பொத்தானை இன்று ராத்திரி படுக்கும் முன் அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஆள் இல்லாத அறைகளில் சூடான காற்று வரும் வாய்களை மூடிவிட்டால் மிச்சம் ஆகுமே?
– மிசிசாகா வாசகி

பதில்: மிச்சம் ஆகாது. குழாய்க்குள் அழுத்தம் ஏறி, பழைய மோட்டார் என்றால் காற்று குறையும், புது மோட்டார் என்றால் கரண்ட் கூடும். சோபாவோ ஜமுக்காளமோ காற்றைத் திரும்ப இழுக்கும் வாயை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் மோட்டாரின் நோய் அந்தச் சோபாதான்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ‘ஆட்டோ’வில் வைப்பதா, ‘ஆன்’ இலா?
– ஸ்கார்பரோ வாசகர்

பதில்: பழைய மோட்டார் என்றால் ஆட்டோ. இசிஎம் என்றால் மெதுவான வேகத்தில் ஆன் வைக்கலாம். விசிறியின் வேகம் பாதியானால் அது கேட்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு. அந்த லாபத்தைப் பழைய மோட்டாரால் முழுசாக எடுக்க முடியாது, இசிஎம் எடுக்கும்.

கேள்வி: சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் லோ வோல்டேஜ். ஃபேனுக்கு ஸ்டெபிலைசர் வாங்கலாமா?
– விவசாயி, மேக்கரை

பதில்: ஃபேனுக்கு வேண்டாம். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் மோட்டாரின் திருப்புவிசை கிட்டத்தட்ட 60 சதவீதத்துக்குப் போய்விடும், ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. ஆனால் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அதன் சுமையும் குறையும். இரண்டும் சேர்ந்து இறங்குவதால் பிழைத்துக்கொள்ளும்.

நீங்கள் பயப்பட வேண்டியது ஃபிரிஜ்ஜுக்கும் கிணற்று மோட்டாருக்கும். வோல்டேஜ் குறைந்தது என்பதற்காகக் கிணறு மேலே ஏறி வராது. அதே பாரத்தை இழுக்க மோட்டார் அதிகக் கரண்ட் எடுக்கும், சூடேறும். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் ஒரு ஃபேஸ் போனதும் நிறுத்துகிற பிரிவென்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். தோப்பில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு ஃபேஸில் உறுமிக் கருகிய மோட்டார்கள்தான் காயில் கட்டும் கடைகளில் அதிகம்.

கேள்வி: எங்களுக்கு மர மில். மோட்டார் அடிக்கடி சூடாகிறது. பெரிய மோட்டார் போடலாமா?
– பிரானூர் வாசகர்

பதில்: மோட்டாரின் பின்பக்கத்துக் கூண்டைக் கழற்றுங்கள். உள்ளே அதற்கென்று ஒரு விசிறி இருக்கும். அது இழுக்கிற காற்று, உடம்பில் வரிவரியாக இருக்கும் பள்ளங்கள் வழியே ஓடிச் சூட்டை எடுத்துப்போக வேண்டும். உங்கள் மில்லில் அந்தப் பள்ளங்கள் மரத்தூளால் மெத்தை கட்டியிருக்கும். சாரல் ஈரத்தில் அது கெட்டித்து ஒட்டிக்கொள்ளும். பெரிய மோட்டார் போட்டாலும் அதற்கும் அதே மெத்தைதான் கிடைக்கும்.

மோட்டாரை நிறுத்திவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். வேலை நடக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை போதாது, நாள் முடியும்போது செய்யுங்கள். காயிலின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மோட்டார்க்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. மில்லுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. கொதிக்கிற மோட்டார்மேல் உலர்ந்த தூள் கனன்றால் அது மோட்டாரோடு நிற்காது. பெல்ட்டையும் பாருங்கள். அளவுக்கு மீறி முறுக்கிய பெல்ட் பேரிங்கை ஒரு பக்கமாகத் தின்னும்.

கேள்வி: கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். துருத்தி போய்க் கைச் சக்கரம் வந்தது, இப்போது கரண்ட் ப்ளோயர். வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் போட்டேன், ஒரே மாதத்தில் புகைந்துவிட்டது. ஏன்?
– பட்டறைத் தொழிலாளி, செங்கோட்டை

பதில்: வீட்டு ரெகுலேட்டர் ஒரு ஃபேனைத் தாங்கச் செய்தது, ஏறக்குறைய 100 வாட். பட்டறை ப்ளோயர் 300 முதல் 600 வாட் வரை இழுக்கும். அது தாங்காது.

காற்றைக் குறைக்க நல்ல வழி, ப்ளோயர் வாயில் தள்ளித் தள்ளித் திறக்கிற ஒரு தகடு. எத்தனை விரற்கடை திறந்தால் எவ்வளவு கனல் என்று ஒரு நாளில் கைக்குப் பழகிவிடும். ப்ளோயரைக் கங்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது இழுப்பது சூடான, கரித்தூள் கலந்த காற்றாக இருந்தால் மோட்டாரும் அதைத்தான் உள்ளே வாங்கும். நீளக் குழாய் போட்டு எட்டத்தில் வையுங்கள். அதிவேக வகை என்றால் உள்ளே கார்பன் கட்டை இருக்கும். பொறி அதிகமாகத் தெரிந்தால் கழற்றிப் பாருங்கள். கட்டை முழுதும் தேயும் வரை ஓட்டினால் ஆர்மேச்சரைக் கீறிவிடும்.

உங்கள் உயிருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிலக்கரி உலையில் ப்ளோயரைச் சட்டென்று நிறுத்தினால், எரியாத வாயு குழாய் வழியே பின்னோக்கி வந்து தேங்கும். அடுத்து ஸ்விட்சைப் போடும்போது குழாய்க்குள் வெடிக்கும். நிறுத்துகிறபோது தகட்டை முழுக்க மூடுங்கள். உலை கனன்றுகொண்டே இருக்க வேண்டும் என்றால் காற்றை நூலிழையாகவாவது விட்டுவையுங்கள். சங்கப் பாடல்கள் காலத்திலிருந்து உலைக்கு ஊதிக்கொண்டிருக்கிற தொழில் இது. மோட்டார் வந்தது நேற்று. அதன் ஆபத்துகளையும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: சாரல் காலத்தில் துணி காயவில்லை. இரவெல்லாம் ஃபேனுக்குக் கீழே போடுகிறோம். மோட்டார் கெடுமா?
– குற்றாலம் வாசகி

பதில்: கெடாது. சீலிங் ஃபேன் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது. ஆனால் ஜன்னலை அடைத்துவிட்டு ஓட்டினால் துணியிலிருந்து போன ஈரம் அறையிலேயே நின்று, விடியும்போது சுவரில் பூஞ்சை பிடிக்கும். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்துவையுங்கள். துணிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இறக்கையில் மட்டும் எதையும் தொங்கவிடாதீர்கள். ஒரு கைக்குட்டையின் கனம்கூட இறக்கையின் சமநிலையைக் குலைத்து, ராடின் போல்ட்டைத் தளர்த்தும்.

கேள்வி: ஃபேன் அறையைக் குளிர்விக்கிறது. சரியா?
– எட்டாம் வகுப்பு மாணவி, பண்பொழி

பதில்: சரியில்லை, தங்கச்சி. அது அறையைச் சிறிதளவு சூடாக்குகிறது. 75 வாட் கரண்டும் கடைசியில் சூடாகத்தான் அறையில் விழும். குளிர்வது உன் தோல்தான். ஓடுகிற காற்று வியர்வையை ஆவியாக்கி உடம்புச் சூட்டை எடுத்துப்போகிறது. அறையை விட்டு வெளியே போகும்போது அணைத்துவிட்டுப் போ. நாற்காலிக்குக் காற்று தேவைப்படாது.

கேள்வி: ஆடிக் காற்றில் எங்கள் வீட்டு ஃபேன் அணைத்திருக்கும்போதே தானாகச் சுற்றுகிறது. கரண்ட் உண்டாகுமா? மோட்டாருக்குக் கேடு உண்டா?
– அரசு ஊழியர், பண்பொழி

பதில்: கேடு இல்லை. சாதாரண ஃபேனில் நிலைக்காந்தம் கிடையாது. லைனில் இணைக்காமல் சுற்றினால் கரண்ட் உண்டாகாது. பிஎல்டிசி ஃபேனில் காந்தம் உண்டு, மிகச் சிறிதளவு உண்டாகும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு ஒரு பெரிய பதில் சுரண்டை, ஆலங்குளம் பக்கமும் முப்பந்தலிலும் நின்று சுற்றுகிறது. பழைய காற்றாலைகள் பலவற்றில் இருப்பது உங்கள் ஃபேனின் இன்டக்‌ஷன் மோட்டார் வகையேதான், அளவு மட்டும் மிகப் பெரிது. மின்பாதையோடு இணைத்துவிட்டு, நான்கு துருவ மோட்டாரை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கீழே ஓட விட்டால் கரண்டை வாங்கும். காற்றின் பலத்தால் 1500ஐத் தாண்டிச் சுற்ற வைத்தால் கரண்டைத் திருப்பித் தரும். நிகோலா டெஸ்லா 1888இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மோட்டார் வகை இது. அதே ஆண்டு இத்தாலியில் கலிலியோ ஃபெராரிசும் தன் ஆய்வை வெளியிட்டார். கணவாய்க் காற்றால் அது கரண்ட் தருகிறது, கோடையில் கரண்டை வாங்கிக்கொண்டு நமக்குக் காற்றும் தருகிறது.

கேள்வி: பிஎல்டிசி ஃபேன் வாங்குவது லாபமா?
– கடைக்காரர், தென்காசி

பதில்: நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிற அறைக்கு லாபம். பழைய ஃபேன் 75 வாட், புதியது 30 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத பில்லில் முதலாவது 67.5 யூனிட், இரண்டாவது 27 யூனிட். ஒரே ஃபேனில் 40 யூனிட்டுக்கு மேல் மிச்சம். வருஷத்தில் பத்து நாள் திறக்கிற மாடி அறைக்கு வாங்க வேண்டாம்.

2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அதைப் பார்த்து வாங்குங்கள். பழைய சுவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரே ஸ்விட்சில் கொடுங்கள். ரெகுலேட்டர் வழியாகப் போனால் பலகை கெடும். இடி மின்னல் நேரத்தில் மெயினை அணையுங்கள், பலகைக்குப் பழைய காயிலின் தாங்குசக்தி கிடையாது. வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் பெரும்பாலும் குறையாது என்பது மேக்கரைக்காரருக்கு நல்ல செய்தி.

கேள்வி: கருகிய ஃபேனுக்குக் காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா?
– ஆட்டோ ஓட்டுநர், புளியரை

பதில்: கனமான பழைய செம்புக் காயில் ஃபேன் என்றால் கட்டுங்கள். கட்டும் இடத்தில் மூன்று விஷயங்களை நின்று பாருங்கள். கம்பி செம்பா அலுமினியமா, பழைய கேஜ்தானா, கட்டி முடித்து வார்னிஷ் ஊற்றி நன்றாக உலர்த்துகிறார்களா. வார்னிஷை அவசரப்படுத்தாதீர்கள். ஈரக் காற்றில் அதுதான் காயிலுக்குச் சட்டை. இறக்கைகளை வேறு ஃபேனோடு மாற்றிப் போட வேண்டாம், மூன்றும் எடை பார்த்துச் சேர்த்தவை. திரும்ப மாட்டும்போது ராடு போல்ட்டில் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். ஃபேன் விழாமல் காப்பது அந்தச் சின்னக் கம்பி.

கேள்வி: மும்பையில் இருக்கிறோம். தைப்பூசத்துக்குத்தான் ஊர் வீட்டைத் திறப்போம். திறந்த அன்றே ஏதாவது ஒரு மோட்டார் புகைகிறது.
– பண்பொழிக் குடும்பம், மும்பை

பதில்: உங்கள் மோட்டார்கள் ஓடித் தேயவில்லை, சும்மா கிடந்து கெடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரம் காயிலில் இறங்கியிருக்கும். தண்ணீர் மோட்டாரின் காற்றுத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஸ்விட்ச் பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடக்கும்.

மெயினைப் போடும் முன்பே ஒவ்வொன்றின் தண்டையும் கையால் சுற்றுங்கள். துரு பிடித்து இறுகிய மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் அது ஒரே நிமிடத்தில் சூடாகும். துளைகளைத் துடைத்துத் திறந்துவிடுங்கள். தண்ணீர் மோட்டாரை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துக் காயிலின் மின்காப்பை அளக்கும் மெக்கரில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் வெயிலில் உலர்த்திய பிறகே ஓட்ட வேண்டும். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அத்தையிடம், மாதம் ஒரு நாள் வந்து எல்லா ஃபேனையும் அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஃபேன் இறக்கையைத் துடைத்தால் கட்டில் முழுக்கத் தூசி விழுகிறது.
– புதுமணப் பெண், அச்சன்புதூர்

பதில்: பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, இரு கையாலும் அழுத்தியபடி வெளியே உருவுங்கள். தூசி உறைக்குள் வந்துவிடும். இறக்கையோடு நிறுத்தாமல் நடுவில் இருக்கும் மோட்டார் உடம்பின் துளைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கேள்வி: ஓடுகிற ஃபேனிலிருந்து கருகல் வாசனை வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?
– முதியவர், இலஞ்சி

பதில்: ஸ்விட்சை அணையுங்கள், பிறகு மெயினையும். கீழே படுத்திருப்பவரை எழுப்பி நகர்த்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். காலையில் ஆறிவிட்டதே என்று மறுபடி போட்டுப் பார்க்காமல், எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சரையும் காயிலையும் அளக்கும் வரை அந்த ஸ்விட்சின் மேல் ஒரு காகிதம் ஒட்டிவையுங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் தெரியாமல் போட்டுவிடக் கூடாது.